கையில் வைத்த சாவிக்கொத்து

பதுளை
6.7.86

அன்புள்ள மனைவி இராக்கம்மாவுக்கு அழகையா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? தோட்டத்து லய வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறதா?

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. டாக்டர் புதிதாகக் கொடுத்த மாத்திரை வலிப்புக்காரர்களுக்குக் கொடுப்பதாம். "எனக்கு ஏது வலிப்பு?" என்று சண்டை போட்டேன். நான் தூக்கமில்லாமல் ஊரைக் கூட்டிப் பேசுவதையும், பிறகு மாதக்கணக்கில் சுருண்டு கிடப்பதையும் அதே மாத்திரை அடக்கும் என்றார். அவருக்கு நம் மகன் வயதுகூட இராது.

அதைப் போட்டால் கண் சொக்குகிறது. நேற்று கடையில் கோதுமை மா மூட்டைமேல் தூங்கிக் கீழே சரிந்துவிட்டேன். கண் திறந்தால் என் கையில் முதலாளியின் சாவிக்கொத்து! கடைப் பையன் புவாத்தின் அக்காவுக்கும் வலிப்புக்கு இதே மாத்திரைதான்; நான் போடுவதைப் பார்த்திருக்கிறான். "இரும்ப விட்றாதீங்க அண்ணே, வலிப்பு நிக்கும்" என்று என் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தான். வாசலில் ஒரே கூட்டம்.

"வலிப்பா அழகையா? முந்தியே சொல்லக்கூடாதா?" என்றார் றஹீம் முதலாளி.

"ஆமாங்க" என்றேன். தோட்டத்துத் துரைக்கே பணியாத நான், பைத்தியம் என்ற பேருக்குப் பயந்து, இல்லாத வலிப்பை ஒத்துக்கொண்டேன். எல்லோரும் பரிவாகப் பேசுகிறார்கள். எனக்குக் கூசுகிறது.

என் கம்பளி பனியனையும் கொஞ்சம் ஊறுகாயையும் எடுத்து வா. ஆம், நீயே வா. புதன்கிழமை மனநோய் கிளினிக். வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டாலும் மாத்திரை வாங்காமல் திரும்பிவிடுவேன். நீ பக்கத்தில் நின்றால் திரும்பிப் போகமாட்டேன்.

உன் பக்கம் வரும் ஹல்துமுல்லை பஸ் புறப்படுகிறது, இதைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும்.

அழகையா