அக்காவின் முட்டுவலிக்கு நான் கொடுத்த மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. மோட்டார் பழுதுபார்க்க ஆள் வரவில்லை. பதினோரு மணிக்குப் போன். மீன் விற்கப் போன பிலோமி அக்கா, மணவாளக்குறிச்சியில் வாடிக்கையாக மீன் வாங்கும் டீச்சர் வீட்டு வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். நேராக நாகர்கோவில் ஆஸ்பத்திரி. மூன்று நாளாக வெளிக்குக் கறுப்பாகப் போயிருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அழுத்தக்காரி.

மார்ச் 4, புதன்

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண். ரத்தம் கசிவது நின்றிருக்கிறது. ஆனால் கிரியாட்டினின் 2.1. கிட்னியும் அடி வாங்கியிருக்கிறது.

டாக்டரம்மா: "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அக்கா: "ஒண்ணும் இல்ல டாக்டர்."

என் பக்கம் திரும்பவேயில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள். குவைத்திலிருந்து ஊர் வந்தபோது சோப்பு, சென்ட்டோடு ஆளுக்கொரு டப்பா வலி மாத்திரையும் நான் கொண்டுவந்து கொடுத்ததுதான். முட்டுவலிக்கு நல்லது என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லியும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு. பிறகு சொல்லிவிட்டேன்.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து மதியம் வரை அக்காவுக்கு ஒருசந்தி நோன்பு. விடியற்காலை வெறும் வயிற்றில் கட்டன்காப்பியோடு ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"வித்துத் தீருவது வர தொண்ட நனைக்கதோட சரி. போற வழியில எங்க போயி ஒதுங்க?"

முப்பது வருஷமாகத் தலையில் மீன் சருவம் சுமக்கிறாள். எனக்கு இது தெரியாது.

மறக்காமலிருக்க: இந்த மாத்திரை வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். வேறு பெயரில் வந்தாலும் வேண்டாம். நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் கிட்னி தேறிவிடும் என்கிறார். தேறிவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து, நான் கொடுத்த மாத்திரை டப்பாக்களைத் திரும்ப வசூல்.
மாமியார் – அரை டப்பா.
பக்கத்து வீடு – திறக்கவே இல்லை, நல்ல காலம்.
கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை – தரமாட்டாராம். "குடுத்தத திருப்பிக் கேக்க வந்த மொத கல்ஃப்காரன் நீதாம்டே."
அக்கா கதையைச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்தார்.

மார்ச் 13, வெள்ளி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருசந்தி ரத்து. கஞ்சி, மருந்து, என்னோடு சண்டை.

"மீன் விக்காம வீட்டுல இருந்து என்னத்தலே செய்ய?"

"போனா நல்லா தண்ணி குடிக்கணும். டீச்சர் வீட்டு பாத்ரூமக் கேட்டுப் பாக்கலாம்லா?"

"மீன் நாத்தத்தோடயா? எனக்கு நாக்கு எழும்பாது."

சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் நானே போய்க் கேட்டேன். டீச்சருக்குக் கோபம். "கேட்டாத் தரமாட்டேன்னா நெனச்சா? பின்னால ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு. இருவது வருஷம் மீன் வெல மட்டும் பேசிட்டுப் போயிருக்கா, பாருங்க தம்பி."

அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை.

மார்ச் 19, வியாழன்

கிரியாட்டினின் 1.2! தாளை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். டாக்டரம்மா சிரித்தார். முட்டுக்கு இனி ஒத்தடம், பயிற்சி. தலைச்சுமை கூடாது, மீன் கொண்டுபோக ஆட்டோ. வெளியே வந்து, ஒரு காரணமும் இல்லாமல் எனக்கு அழுகை. அக்கா முந்தானையை நீட்டினாள்.

மார்ச் 23, திங்கள்

கடல்காற்று நன்றாக. அக்கா திரும்ப மீன் விற்கப் போகும் முதல் நாள். காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தேமுக்காலுக்கு வந்தது.

"ஏலே, ஒரு குப்பித் தண்ணி தீந்துட்டு. டீச்சர் வீட்டுல போயிட்டும் வந்துட்டேன். இதுக்காலே முப்பது வருஷம் பயந்தேன்? செரி, போன வையி. வெளமீன் கேட்டு ஆள் நிக்கி."