நாற்பத்து மூன்று முகவரிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

திரைச்சீலை விற்கும் இணையதளத்தில் பிழை திருத்துவதோடு நான் நின்றிருக்க வேண்டும். "ஆன்ட்டி, நெட்ல தேடும்போது நம்ம கடை முதல்ல வந்தா மட்டும் பத்தாது. தெரிஞ்சவங்க மெயில் அனுப்பினாதான் ஜனங்க திறந்து பாப்பாங்க" என்றாள் முதலாளிப் பெண். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு. என் வீட்டுக்காரர் இறந்தபோது மின்னஞ்சலில் இரங்கல் எழுதிய நாற்பத்து மூன்று பேருக்கும் என் பெயரிலேயே விளம்பரத்தை அனுப்பிவிட்டேன்.

நேற்று அவருடைய அலுவலக டிரைவரின் பதில் வந்தது. "அம்மா, உங்க பேரப் பாத்ததும் ஐயாவப் பத்தி எழுதியிருக்கீங்கன்னு கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்தேன். பரவால்லம்மா, ரெண்டு திரைச்சீலை வாங்கிட்டேன்."

முதலாளிப் பெண் கைதட்டினாள். எனக்கோ தலை குனிந்துவிட்டது. "எல்லாருக்கும் ஒரு வரி நன்றியாவது எழுதுடி" என்று நீங்கள் அப்போதே சொன்னீர்கள். கான்வென்ட்டில் கடிதம் எழுதிப் பரிசு வாங்கியவள், மூன்று வருடமாக ஒருவருக்கும் எழுதவில்லை.

உங்கள் வீட்டில் என் பீரோவில் இருக்கும் அவருடைய விலாசப் புத்தகத்தையும் என் மைப் பேனாவையும் அனுப்புங்கள். பார்சலில் இடமிருந்தால் நீங்களும் நாலு வரி எழுதி வையுங்கள்.

முதல் கடிதம் டிரைவருக்குத்தான். அதில் திரைச்சீலை பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் தங்கை