முப்பது என்று எழுதிய பேட்டரிகள்

அன்புள்ள கோல்பிக்கு,

இத்தனை நீளமாக எழுதி உன் ஓய்வு நேரத்தைப் பிடுங்குவதற்கு மன்னித்துவிடு. மூன்று முறை போன் செய்தேன், நீ எண்ணெய்க் கிணற்றுமேட்டில் வேலையாக இருந்திருப்பாய், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு வாயில் வந்திருக்காது, உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. தபால் நார்த் டகோட்டா வந்து சேர நாலு நாள் ஆகும், அதனால் எழுதிய தாள்களைப் படம் எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் லைல் மாமா நன்றாக இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் தீவனக் கடைக்கு வண்டியில் போயிருக்கிறான். சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுத்து ஊத அவனே செய்த அந்த மரப்பெட்டி வேப் வழக்கம்போல ஜீன்ஸ் பாக்கெட்டில். அதன் பொத்தானுக்குப் பூட்டு கிடையாது, அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்துகிற சில்லும் உள்ளே கிடையாது, அதைத்தான் நீங்கள் இரண்டு பேரும் பெருமையாகச் சொல்வீர்கள். சீட் பெல்ட் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தொடையில் சுட்டு, வண்டியை ஓரம் கட்டுவதற்குள் ஒரு பேட்டரி வெடித்துத் தீ பீறிட்டுவிட்டது. வலது தொடையில் என் இரண்டு உள்ளங்கைகளை வைத்தாலும் மூடாத அளவு காயம், அணைக்கப் போன விரல்களிலும் காயம். இடது தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவன் முதலில் கேட்டது, "வண்டி சீட்டு எரிஞ்சு போச்சா டானா?" என்றுதான். நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு கட்டு மாற்றும்போது அவன் போட்ட சத்தத்தில் நான் வெளியே வந்து காப்பி எந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மான் வேட்டை தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அவனிடம் பேச்செடுப்பதில்லை. சர்ச்சுப் பெண்கள் கேசரோல் கேசரோலாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள், சாப்பிட ஆளில்லாமல் ஃபிரிட்ஜ் நிறைந்து கிடக்கிறது. வெளியே ஒரு வாரமாக விடாத மழை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் கராஜில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட லேப்டாப்களிலிருந்து மாமா பேட்டரிகளை உருவிக்கொண்டு வந்தான், பச்சை உறையைக் கிழித்துவிட்டுப் புது ஊதா உறை போட்டால் கடைச் சரக்கு மாதிரி இருக்கும் என்றான். "எல்லாம் ஒரே சைஸு, ஒரே சத்துதான்." நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "இது எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தேன். "வந்துட்டாங்கப்பா காலேஜ் மேடம், பேட்டரிக்கும் பரீட்சை வைப்பாங்க" என்றான், நீயும் சிரித்தாய். குறை சொல்லவில்லை கண்ணு, நானும்தான் சிரித்தேன். நம் குடும்பத்தில் யாரும் வாங்காத பட்டத்தை மாலை வகுப்புக்குப் போய் வாங்கின பிறகு, வாயைத் திறந்தாலே பெருமை பீற்றுகிறேன் என்று நினைப்பார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம். அதனால் பேசாமல் என் ஹேர் டிரையரைச் செருகி, ஒவ்வொரு உறையையும் நான்தான் சூடு காட்டிச் சுருக்கினேன். "உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கு, முப்பதுன்னு எழுது" என்று வெள்ளிப் பேனாவைக் கொடுத்தான். முப்பது ஆம்ப் தாங்கும் என்று அர்த்தம். பன்னிரண்டு பேட்டரியில் எழுதினேன். வெடித்தது அதில் ஒன்று. நாலை நீ எடுத்துப் போனாய்.

வெள்ளிக்கிழமை கராஜ் குப்பைக் கூடையைக் கொட்டித் தேடினேன், பச்சை உறை ஒன்று அடியில் ஒட்டிக்கிடந்தது. அதிலிருந்த எண்ணை வைத்து, அதைச் செய்தவர்களின் விவரத்தாளைப் படித்தேன். பத்து நிமிட வேலை. தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஐந்து ஆம்ப், அவ்வளவுதான். உங்கள் பெட்டியில் ஆவி கிளப்புகிற காயில் கம்பி இழுப்பதோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே அந்த ஊதா பேட்டரிகளை இன்றே கழற்று. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடு, குப்பையில் எறியாதே. ஊதுவதையே நீ விட்டால் எனக்கு எவ்வளவோ நிம்மதி, ஆனால் அதற்காக எழுதவில்லை. ஊதத்தான் வேண்டுமென்றால் சில்லு வைத்த கடைக் கருவியாக வாங்கு. பேட்டரியை, பேட்டரி மட்டுமே விற்கிறவர்களிடம் புதிதாக வாங்கு, உறையில் பெரிதாகப் போட்ட எண்ணை நம்பாதே, கணநேரம் தாங்குவது வேறு, தொடர்ந்து தாங்குவது வேறு. ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே போடு, ஜோடியாகவே சார்ஜ் செய். உறையில் நகம் பட்ட அளவு கிழிசல் இருந்தாலும் வேண்டாம், உள்ளே இருக்கும் தகரம் முழுக்க மின்முனைதான். சாவி கிடக்கும் பாக்கெட்டில் போடாதே. உன் ஊர்க் குளிரில் வண்டியில் கிடந்ததை எடுத்து வந்து உடனே சார்ஜில் போடாதே, அறைச்சூட்டுக்கு வரட்டும்.

நேற்று மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டே, "முப்பதுன்னு என்ன அழகா எழுதினே, மேடம்" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். பிறகு, "எழுதச் சொன்னவன் நான்தான், நீ அழாதே" என்று சொல்லிவிட்டு அவன் அழுதான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது, இதுவரை அவன் அழுது நான் பார்த்ததில்லை. முடிந்தால் அவனோடு பேசு, வேட்டையைப் பற்றி மட்டும் கேட்காதே. குளிருக்கு இரண்டு சாக்ஸாகப் போட்டுக்கொள். கர்த்தர் உன் கைகால்களுக்குக் காவலாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை தாள் ஆனது. உன்னோடு டிரெய்லரில் தங்கியிருக்கும் ஆர்லோவின் பிறந்தநாளுக்கு நீ இதே மாதிரி ஒரு வேப் பெட்டி செய்து கொடுத்தாய், நீ எடுத்துப் போன நாலு பேட்டரியில் இரண்டு அதில் இருக்கிறது. அவன் விடுப்பில் போனபோது எடுத்த படத்தை அனுப்பியிருந்தாயே, மடியில் கைக்குழந்தை, சட்டைப் பாக்கெட்டில் அந்தப் பெட்டி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது உனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று தெரியும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அவனிடம் கேட்டு வாங்கிவிடு. உனக்கு வாய் வரவில்லை என்றால் அவனிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன்.

உன் அம்மா,
டானா