தைவான் ஒட்டிய பெட்டி

8 பிப்ரவரி 1988, திங்கள்

குர்லாவில் ரயில் நகரவே இல்லை. ஆபீஸுக்குத் தாமதம்.

செம்பூரில் இரண்டு அறைகளில் நடக்கும் எங்கள் கம்பெனியை முதலாளி வானமாமலை 'ஃபேக்டரி' என்றுதான் சொல்வார். எங்கெங்கிருந்தோ வரும் பாகங்களைத் திருகாணி போட்டு முடுக்கி, கம்ப்யூட்டர் என்று விற்பதற்கு அந்தப் பெயர். முடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பது என் வேலை. டிப்ளமோவுக்கு இதாவது கிடைத்தது.

இன்று மேஜையில் இரண்டு பவர் சப்ளை பெட்டிகள். சுவரிலிருந்து வரும் கரண்டை ஐந்து வோல்ட்டாகவும் பன்னிரண்டாகவும் மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் தகரப் பெட்டி. காட்கோபரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர்கள் போகின்றன. அதற்கு மலிவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றில் தங்க நிற ஸ்டிக்கர்: தைவான். லாமிங்டன் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் கொண்டுவந்தது. இன்னொன்று என் கூடப்பிறந்த அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடும் அப்துல் ரவூப், தாராவியில் செய்தது.

"கூடப்பிறந்த பாசத்துல பாஸ் பண்ணிடாதே, நூர் நிஷா" என்றார் வானமாமலை.

பாசமா? எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

10 பிப்ரவரி

முதலில் காக்காவின் பெட்டி. லேபிளில் நூற்றைம்பது வாட் என்று அடித்திருக்கிறான். (நேரில் 'நீங்க'. இங்கே 'அவன்'. இது என் நோட்டு.)

பெட்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, லோடாக நான் மாட்டுவது கார் ஹெட்லைட் பல்புகள். பாதி லோடு வரை பெட்டி ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. இன்னொரு பல்பை மாட்டியதும் ஐந்து வோல்ட் நாலரைக்கு இறங்கிவிட்டது. அந்த வோல்ட்டில் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் புதிதாக எழுந்திருக்கும்.

மூடியைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே வைத்துத் திருகியிருக்கிறான். பெயின்ட் வழியாக எந்த ஊரில் கரண்ட் போகும்? பூமிக்கு இறங்க வேண்டியது தகரத்திலேயே நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் சுரீரென்று இழுக்கும்.

டிரான்ஸ்பார்மரை மட்டும் குறை சொல்ல வழியில்லை. அது சைனப் மைனி வீட்டில் உட்கார்ந்து சுற்றுவது. எம்ப்ராய்டரியில் மிஞ்சிய பச்சை நூலால் கட்டி, முடிச்சை உள்பக்கமாக மடக்கிவிடுவாள். அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஆள் அவள்தான். அவளுக்குப் புருஷனாக வாய்த்தது இவன்.

11 பிப்ரவரி

"ஒம் காக்காவுக்கு ஒரு நல்லது செய்யக்கூடாதா?" என்றாள் உம்மா.

செய்துவிட்டேன். பெயில் போட்டிருக்கிறேன்.

சாப்பிடும்போது காக்கா கேட்டான்: "பம்பாய்ல எவன்ட்டி எர்த்து பாக்கான்? சல்தா ஹை, எல்லாம் ஓடிரும்."

"செத்தவன் பாக்க மாட்டான்" என்றேன்.

பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான். மீன் குழம்பு நன்றாக இருந்தது. நான் முழுதும் சாப்பிட்டேன்.

15 பிப்ரவரி, திங்கள்

தைவான் பெட்டியின் முறை. ஆபீஸே வேடிக்கை பார்க்க வந்து நின்றது. பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் நம்பிராஜன் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இம்போர்ட்டட் மாலு. வெயிட்டே தனி" என்றார். தராசு மாதிரி பேச்சு.

பல்புகளை மாட்டினேன். பாதி லோடு வரை சரி. அடுத்த பல்பு. நாலரை.

மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு மீட்டரில் பார்த்தேன். அதுவும் நாலரை.

மூடியைத் திறக்கப் போனால் வானமாமலை பதறுகிறார்: "சீல் போயிடும்மா." போகட்டும். திறந்தேன்.

எர்த் வயர் பெயின்ட்டின் மேல். டிரான்ஸ்பார்மரில் பச்சை நூல். முடிச்சு உள்பக்கமாக.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டு வந்தேன். ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

"தைவான்ல நம்ம மைனிக்கு யாரு சொந்தக்காரங்க?" என்று சாப்பிடும்போது கேட்டேன். காக்காவின் கை தட்டில் நின்றது. மைனிக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், சிரித்தாள்.

அவள் அடுக்களைக்குப் போனதும் காக்கா தாழ்ந்த குரலில் சொன்னான்: "எம் பேருல குடுத்தா வாங்குறவன் ஓட்டை ஒடைசல்ங்கான். ஜஹாங்கீர் ஸ்டிக்கர ஒட்டிட்டா அதே பொட்டிய ரெண்டு கையாலயும் வாங்குதான். இதுல என் தப்பு என்னட்டி?"

"பொட்டி ரெண்டும் மோசமா இருக்கே. அதான்."

"நல்லதா செஞ்சா மட்டும் எம் பேர ஒட்ட விடுவானா?"

விடமாட்டான். அதில் அவன் சொல்வது சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஏமாற்றுகிறவன் பேச்சில் ஒரு நியாயமும் இருந்து தொலைக்கிறது.

17 பிப்ரவரி

வானமாமலை முன்னால் இரண்டு பெட்டிகளையும் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் காக்கா செய்தது, ஜஹாங்கீர் ஒட்டியது, லோடு, எர்த். பச்சை நூலையும் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டுங்காவில் பஜனைக்குப் போகிற மனிதர். கொஞ்சம் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீயே சொல்றே. அப்போ தைவானையே போட்டுடலாமே. ஸ்கூல்காராளுக்கும் பார்க்க திருப்தியா இருக்கும்."

"ரெண்டும் பெயில் சார்."

"பாஸ் பெயில் எல்லாம் அந்தப் பொண்கள் பார்த்துக்கட்டும்மா. நீ ஒரு கையெழுத்துப் போடு."

போடவில்லை. நம்பிராஜன் போட்டார். எங்கே என்று கேட்டுப் போட்டார். எதில் என்று கேட்கவில்லை.

2 மார்ச், புதன்

இன்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் டெம்போவில் ஏறிப் போய்விட்டன. முதல் பெட்டிக்குச் சாமந்தி மாலை வேறு. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பெரிய நியாயவாதி. கையெழுத்துப் போடாததற்கு மேல் என்ன கிழித்தேன்?

3 மார்ச்

மைனி கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஸ்டிக்கர் கதையில் அக்கறையே இல்லை.

"அந்த எர்த்துன்னியே, அது இல்லன்னா என்ன ஆவும்?"

சொன்னேன். மழைக்காலத்தில் ஈரத் தரை, ஒரு பிள்ளை செருப்பில்லாமல் நின்று கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் தொடுகிறாள் என்று வைத்துக்கொள் என்றேன். மைனி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

காக்கா வந்ததும் சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, "பள்ளிக்கூடப் புள்ளைங்க தொடுற சாமான்னு நீங்க எங்கிட்ட சொல்லல. அதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் நான் சுத்த மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான் இத்தனை நாள் கத்தியதற்கு இவன் ஒரு பருக்கை மரியாதை தரவில்லை. அவள் சொன்னதும் முகம் செத்துப்போயிற்று.

6 மார்ச், ஞாயிறு

காட்கோபர் போனோம். நானும் காக்காவும். ஒரு பையில் உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், லோடில் வோல்ட் இறங்காமலிருக்க நல்ல டயோடுகள்.

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டவர் சொர்ணம்மாள் டீச்சர். கம்ப்யூட்டர் வகுப்பு அவர் பொறுப்பு. எங்களைத் தமிழில் பேசக் கேட்டதும் டீ வரவழைத்தார். பிள்ளைகள் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வர வேண்டும், மெஷினில் தூசி படக்கூடாது என்று பெருமையாகச் சொன்னார்.

நான் காக்காவைப் பார்த்தேன். அவன் வாசலில் போட்டிருந்த காலணி அடுக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றினோம். நான் பெயின்ட்டைச் சுரண்டினேன், அவன் டயோடை மாற்றினான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரு இடத்திலும் சல்தா ஹை சொல்லவில்லை. ஒரு திருகை நான் முடுக்கியது போதாது என்று மறுபடி முடுக்கினான். எனக்கே கோபம் வந்தது.

டீச்சர் கேட்டார்: "ஞாயித்துக்கிழமைகூட வந்து பாக்கறீங்களே. நீங்க தைவான் கம்பெனி ஆளுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா?

தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "இல்ல டீச்சர். தாராவி. நான்தான் செஞ்சேன். சரியா செய்யல. அதான் வந்தோம்."

டீச்சர் மேல்விளக்கைப் போட்டுவிட்டார், எங்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்று.

8 மார்ச்

டீச்சர் நன்றி சொல்ல ஆபீஸுக்கு போன் செய்திருக்கிறார். நல்ல மனுஷி. என் வேலை போயிற்று.

"வித்த மெஷினை யாரைக் கேட்டுத் திறந்தே?" என்றார் வானமாமலை. யாரையும் கேட்கவில்லை என்றேன். நம்பிராஜன் என் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தார், அதையாவது சரியான ஆளிடம்.

12 மார்ச்

ஜஹாங்கீர் இனி பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். உம்மா என்னோடு பேசுவதில்லை. காக்கா திட்டுவான் என்று காத்திருக்கிறேன். திட்டித் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

18 மே

நேற்று பெருநாள். யாருக்கும் புதுத்துணி இல்லை. மைனி பழைய துப்பட்டாவுக்குப் புது ஓரம் தைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் புதிது என்றே நினைத்தார்கள். பம்பாயில் யாருக்குக் கண் இருக்கிறது?

30 மே

பாண்டுப்பில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டர் வாங்குகிறதாம். சொர்ணம்மாள் டீச்சர் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு அதன் சொந்தக்காரர் காக்காவிடம் பவர் சப்ளை கேட்டுத் தாராவிக்கே வந்துவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாராம். ஆனாலும் வந்தார்.

காக்கா வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மைனியிடம் சொன்னான்: "டெஸ்ட்டு பண்ண ஒரு ஆள் வேணும். அவளுக்கு வேற சோலி இருக்கான்னு கேளு."

எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காது இல்லையாம்.

14 ஜூன், செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஒர்க் ஷாப்பில் ஒழுகாத மூலையைக் காக்கா எனக்கு ஒதுக்கியிருக்கிறான். அங்கேதான் வெளிச்சமும் இல்லை. நாள் பூராவும் பல்பு வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்துக் கண் எரிகிறது.

பாண்டுப்புக்குப் போக வேண்டிய பெட்டிகளில் ஒன்றைத் தள்ளி வைத்தேன். வோல்ட் எல்லாம் சரி. உள்ளிருக்கும் ஃபேன் மட்டும் சுற்றும்போது எங்கோ லேசாக உரசுகிறது. காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். டெம்போ வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

காக்கா உள்ளே வந்தான். சண்டைக்கு நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"எது?" என்றான்.

காட்டினேன். குனிந்து காதை வைத்துக் கேட்டான். டெம்போக்காரனுக்கு நிற்கச் சொல்லிக் கைகாட்டி, "ருக்கோ பாய்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போய் மூடியைக் கழற்றத் தொடங்கினான்.