கச்சான் சுருளில் வந்த பெயர்

1974 மார்ச் 8, வெள்ளி

இன்றைக்குக் கோட்டை வாசலில் நின்றவர்களை முதலில் எழுதிவைக்கிறேன். பிறகு ஒருவரும் தான் அங்கே நிற்கவில்லை என்று கதைவிடக் கூடாது. நான். என் மகளின் மகள் பத்மாசனி. என் தங்கச்சி நல்லம்மா. கச்சான் கடலை விற்கிற றுக்கியா. இல்லத்துச் செயலாளர் சோமசேகரம், மனைவியோடு. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெடியன்கள் — பெயர் தெரியாது, முகம் மறக்காது.

கோணேசரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தோம். பத்மாசனி காலில் இரும்புச் சட்டத்தோடு, முதல் தடவையாக என் கையைப் பிடிக்காமல் இறங்கினாள். கிழமை நாட்களில் ஓர்ஸ் ஹில் இல்லத்தில், கால் ஏலாத, வலிப்புள்ள பிள்ளைகளோடு, தங்கிப் பழகிய நடை. அந்தச் சந்தோஷப் புளுகத்தில்தான் எல்லாருக்கும் கச்சான் வாங்கினேன். நல்லம்மா தின்று முடித்துக் கச்சான் சுற்றியிருந்த தாள்சுருளை விரித்தாள். எழுத்தைக் கண்டால் அவளுக்கு உரத்து வாசிக்க வேணும்.

"பத்மாசனி, வயது பத்தொன்பது. இரவு வலிப்பு வந்தது. பாயை நனைத்தாள்."

வாசித்துவிட்டுச் சிரித்தாள். "எடி பிள்ளை, இது நீயெல்லோ!"

பெடியன்களும் சிரித்தார்கள். என் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது இல்லத்துத் தாள். வார்டன் அம்மா ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைப் பற்றி எழுதிவைக்கிற பதிவு. அது கச்சானுக்கு எப்படி வந்தது? நான் சோமசேகரத்தைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

மார்ச் 9

பத்மாசனி சட்டத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். இனி இல்லத்துக்கும் போகமாட்டாளாம், றோட்டுக்கும் வரமாட்டாளாம்.

மார்ச் 10

றுக்கியாவிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். அவள் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே அக்கா. பழைய தாள் கடையில நிறுத்துத் தந்தாங்க. தாள் தடிப்பா இருக்கே எண்டு எடுத்தன்."

பிறகு என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, சுற்றிவைத்த சுருள் முழுவதையும் பிரித்துக் கச்சானைத் தகரத்துக்குள் திருப்பிக் கொட்டினாள். வெள்ளிக்கிழமை போக மிச்சமிருந்த தாள் அத்தனையும் என் மடியில். காசு நீட்டினேன். "எங்கட வீட்டுப் பொம்புளப் புள்ளட பேரா இருந்தா நீங்க எனக்கிட்டக் காசு வாங்குவீங்களா?" என்று ஏசினாள்.

மார்ச் 11

தாள் கட்டோடு இல்லத்துக்குப் போனேன். பத்மாசனியின் தாளை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

சோமசேகரம் சொன்ன நியாயம் இது: "அலுமாரி நிரம்பிப் போச்சு அம்மா. அரசாங்கத் திணைக்களத்தாலை ஆள் வருகினம், பதிவு ஒழுங்காய் இருக்கவேணுமாம். அதுதான் பழைய தாளை வித்துப் புதுக் கொப்பி வாங்கினனாங்கள்."

பதிவு ஒழுங்காய் இருக்கவேணும் என்று பதிவை வித்திருக்கினம்! எனக்கு வந்த கோபம்—

"உங்கடை மனுசி விடுற குறட்டையை எழுதி மீன் சுத்தக் குடுக்கட்டோ?" என்று கேட்டேன். வார்டன் அம்மா சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்குள் போனா.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் குடும்பத்தார் கூட்டமாம். திணைக்களத்து மிஸ்ஸும் வருவாவாம். அங்கே வந்து சொல்லட்டுமாம். சொல்லுறன், சொல்லுறன்.

மார்ச் 14

"அம்மம்மா, நீங்கள் அங்கை போய்ச் சத்தம் போட்டால் தெரியாத சனத்துக்கும் தெரியவரும்" என்றாள் பத்மாசனி.

தாளை அவளிடமே கொடுத்து, அடுப்பில் போடு என்றேன். அவள் போடவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"இதிலை பாதிதான் எழுதிக் கிடக்கு."

மற்றப் பாதி என்னடி? சொல்லமாட்டாளாம்.

மார்ச் 16

சட்டம் கட்டிலுக்குக் கீழே இல்லை. துடைத்துச் சுவரோடு சாத்திக் கிடக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

இல்லத்துக் கூட்டத்துக்குப் பத்மாசனியும் சட்டத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். என்னுடையது நாலு நாளாக மனப்பாடம் பண்ணிய பேச்சு. எழும்பி வாயைத் திறந்தேன். "அம்மம்மா, இருங்கோ" என்று என் சீலையைப் பிடித்து இழுத்துவிட்டு, அவள் எழும்பினாள். தாளை உயர்த்திப் பிடித்தாள்.

"இதிலை இருக்கிற பத்மாசனி நான்தான். எல்லாரும் வாசிச்சிட்டியள், நானும் வாசிக்கிறன். பாயை நனைச்சது உண்மை. வலிப்பு விட்டாப்பிறகு கக்கூசுக்குப் போகக் கூப்பிட்டனான். கதவு வெளியாலை பூட்டியிருந்தது. ஒருத்தரும் வரேல்லை. அதை ஏன் எழுதேல்லை?"

வார்டன் அம்மா எழும்பி நின்றா. "ஓம். பூட்டினது நான்தான். எழும்பி நடந்து விழுந்திடுவாள் எண்டு பயம். எனக்கும் நித்திரை வந்திட்டுது."

திணைக்களத்து மிஸ், பெயர் நஜ்முன் நிஸா, அதுவரைக்கும் பேனையைத் திறக்கவில்லை. இப்போது திறந்தா. "அப்ப இந்தப் பதிவு பிழை" என்றா. "ஆரைப் பற்றி எழுதுறீங்களோ, அவவுக்கு வாசிச்சுக் காட்டவேணும். அவ சொல்லுறதையும் எழுதவேணும். பூட்டவேண்டியது அலுமாரியைத்தான், பிள்ளைகளை இல்லை."

கூட்டத்தில் முடிவானது இது: வெளியே பூட்டுகிற கதவுத் திறாங்கு நாளைக்கே கழற்றப்படும். கட்டிலுக்குக் கட்டில் மணி. பழைய பதிவுகளை விற்க ஏலாது. வைத்திருக்கிற காலம் முடிந்தால் குடும்பத்தார் பார்த்திருக்க எரிக்கவேணும். சோமசேகரம் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்தார்.

என்னுடைய பேச்சு வாய்க்குள்ளேயே கிடக்கிறது. கிடக்கட்டும்!

மார்ச் 24

எண்ணெய் பட்ட அந்தத் தாளின் ஓரத்தில் பத்மாசனி மற்றப் பாதியைத் தன் கையால் எழுதினாள். எரிப்பமோ என்று வார்டன் அம்மா கேட்டா. "வேண்டாம், இப்ப முழுசாய்த்தானே இருக்கு. உள்ளுக்கை வையுங்கோ" என்றாள். அலுமாரியைப் பூட்டினதும் அவள்தான்.

ஏப்ரல் 5, வெள்ளி

நான் கோட்டை வாசலில் றுக்கியாவோடு இருந்தேன். பத்மாசனி தனியே கோயிலுக்கு ஏறிப் போய், தனியே இறங்கி வந்தாள். சட்டத்தின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. அதே இரண்டு பெடியன்கள் நின்றார்கள். விலகி வழி விட்டார்கள்.

அவளே கச்சான் வாங்கிச் சுருளைப் பிரித்து வாசித்தாள். யாரோ ஒருவருடைய கணக்குக் கொப்பி, முழுக்கப் பிழை. "பாவம், பேரைக் கிழிச்சுப்போடுவம்" என்று கிழித்துப்போட்டாள்.

வார்டன் அம்மா உண்மையைச் சொன்னா, மன்னித்துவிட்டேன். சோமசேகரம் வீடு தேடி வந்து, என்னையல்ல, பிள்ளையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார், அவரையும் விட்டுவிட்டேன். பெடியன்கள் சின்னதுகள்.

நேற்று ஒருத்தி பலகாரத் தட்டோடு படலையில் வந்து நின்று, "சும்மா பகிடிக்குத்தானே அக்கா வாசிச்சனான்" என்றாள். தட்டை வாங்கவில்லை. என் வயிற்றுப் பிள்ளையின் பிள்ளை என்று தெரிந்துதான் சிரித்தாள். என் கட்டை வேகும்வரைக்கும் மன்னிக்கமாட்டேன். என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த நல்லம்மா.