சைலன்சருக்குள் வைத்த துணி

செவ்வாய், 14 ஒக்டோபர்

விடியவே புழுக்கம். வாவிப் பக்கம் கறுத்துக் கிடந்தது, மழை இல்லை.

இவர் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் பார்த்தார். கிளம்பவில்லை. கிக்கரை மிதிக்கும் சத்தத்தைக் குசினிக்குள் நின்று எண்ணினேன். நாற்பதுக்குப் பிறகு எண்ண மனமில்லை. இறால் பெட்டியைப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி வாழைச்சேனைச் சந்தைக்கு அனுப்பினார். பிறகு பகல் முழுக்க மாமரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிளோடுதான்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். செய்தது நான்.

நேற்றுப் பின்னேரம் இவர் குளிக்கப் போன நேரம். தையல் மிச்சத் துணியை நனைத்து உருட்டி, சைலன்சர் வாய்க்குள் வைத்து, பழைய குடைக்கம்பியால் உள்ளே தள்ளினேன். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஒருமுறை குளவி மண்கூடு கட்டி, புகை போக வழியில்லாமல் அது கிளம்பாமல் நின்றது. அன்று பார்த்தது இப்போது உதவிற்று. உதவிற்று என்று எழுதக் கை கூசுகிறது.

காரணம், போன வெள்ளி. சந்தையிலிருந்து இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். பனிச்சங்கேணிப் பாலத்தில் பேசிக்கொண்டே ஓட்டியவருக்குப் பாதி வசனத்தில் பேச்சு நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் ஓரத்துக்குப் போனது. தோளை உலுக்கினேன், கூப்பிட்டேன். பதில் இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உரசி விழுந்தோம். நல்ல காலம், மெதுவாகத்தான் வந்தோம். எழும்பிப் பார்த்தால் இவருக்குக் கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. ஒரு நிமிடம் இருக்குமா? பிறகு எழும்பி, மணலில் சறுக்கிவிட்டது என்றார். பாலத்தில் மணலே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மூன்று நாள் கெஞ்சினேன். ஒவ்வொரு முறையும் எழும்பி வெளியே போய்விட்டார்.

என் முழங்கைக் காயம் காய்கிறது. ஊசி இரண்டு முறிந்தது. ஆறு பள்ளிச் சட்டை இன்னும் தைக்கக் கிடக்கிறது.


புதன், 15

மேகம். காற்று இல்லை.

இவர் இன்று செய்தவை: புதுப் பிளக் வாங்கிப் போட்டார். காபரேட்டரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினார். பெற்றோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டி, வெயிலில் வைத்து, திரும்பப் பூட்டினார். ஒவ்வொன்றும் முடிய மிதி, மிதி, மிதி. ஒருமுறை ‘புக்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பத்து மணிபோல என்னைக் கூப்பிட்டார். பிளக்கை எஞ்சினில் முட்ட வைத்துப் பிடிக்கச் சொன்னார். இவர் மிதிக்க, நீலப் பொறி பறந்தது.

“பாத்தியா, கரண்டும் வருகுது, பெற்றோலும் வருகுது. பிறகு ஏன் கிளம்புதில்ல?”

தெரியாது என்று தலையாட்டினேன். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருடம். இவரிடம் இப்படிப் பொய் சொன்னதில்லை.

மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். அப்பா எங்கே என்றாள். சைக்கிள் திருத்துகிறார் என்றேன். சிரித்தாள். பாலத்துக் கதையைச் சொல்ல வாயெடுத்து, வேலைக்குப் போகிற பிள்ளை என்று நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் கறியில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் பயமாக இருந்தது.

வாழைச்சேனைக் கராஜ் நஸீர் நானாவுக்குப் போன் பண்ணினார். வால்வு பிடிக்காமல் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாராம். ஞாயிறு வரை இவர் பொறுப்பாரா?


வியாழன், 16

காலை வெயில், பின்னேரம் பெரிய மழை. எழுத்துக் கோணல்.

இவர் பொறுக்கவில்லை. விடிந்ததும் சாக்கை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக வைத்து, எஞ்சின் தலையைக் கழற்ற உட்கார்ந்தார். நான் தையல் மெசினில் இருந்தேன். வெகு நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். தேத்தண்ணி கொண்டு போனேன். வாங்கவில்லை.

“இருவது வருஷமா இத நான்தான் பாக்கிறன். இப்ப ஒண்டும் விளங்குதில்ல. எனக்குத்தான் மண்டைக்குள்ள என்னமோ பிழைச்சிட்டு போல.”

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சைக்கிள்ல ஒரு பிழையும் இல்ல. சைலன்சருக்குள்ள துணி வெச்சிரிக்கன்.”

“ஆர்?”

“நான்தான். நீங்க ஓடக் கூடாது எண்டு.”

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கம்பியை வளைத்துச் சைலன்சருக்குள் விட்டு இழுத்தார். துணி துண்டு துண்டாக, கரி பிடித்து வந்தது. மூன்றாவது மிதியில் கிளம்பிவிட்டது. வாசல் முழுக்கப் புகை. தலைக்கவசம் போடாமல் பாலத்துப் பக்கம் போய்விட்டார்.

போனுக்கு அடித்தேன். உள்ளே கட்டிலில் மணி கேட்டது.

அரை மணி நேரம் தெரு வாசல் படலையில் நின்றேன். இப்போது விழுந்தால் நான்தான் அனுப்பியது. சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் நல்ல எஞ்சினையும் குலைத்து, தன்னையும் குலைத்திருப்பார். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். மழை பிடித்தது. குடை எடுக்கவில்லை.

வளைவில் கண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். முழுக்க நனைந்து. விழுந்த அடையாளம் ஒன்றும் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பவும் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

“இல்ல, ஓடும். பாலத்துக்கு ஏறத்தான் பயமா இரிக்கி.”

பிறகு நடந்துகொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். பாலத்தில் நடந்தது மூன்றாவது தரமாம். முதலாவது கிணற்றடியில், வாளி கையில் இருக்க. இரண்டாவது தோணித்துறையில் இறால் நிறுக்கும்போது. தராசு விழுந்த சத்தத்தில்தான் நினைவு வந்ததாம். கை வழுக்கிவிட்டது என்று அங்கே சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அண்ணனுக்கு வலிப்பு. ஊருக்குள்ள ஒருத்தரும் அவர்ர பேரச் சொல்லிக் கூப்பிடல்ல. தோணியில ஏத்தல்ல. பொண்ணு குடுக்கல்ல. நான் பாத்தனான்தானே.”

இவருடைய அண்ணனை நான் கண்டதில்லை. நான் கல்யாணம் கட்டி வர முன்னமே செத்துவிட்டார். படம்கூட இந்த வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று இருபத்தேழு வருடத்தில் கேட்டுப் பார்த்ததும் இல்லை. இன்றுதான் அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். தர்மலிங்கம்.

நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். வீடு வரும்வரை மழை.


வெள்ளி, 17

வெளுத்த வானம். முற்றத்தில் தண்ணீர் வற்றவில்லை.

ஆறரை பஸ். தானாக எழும்பி, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் சரியான சனம். நம்பர் துண்டு எடுத்து மூன்று மணித்தியாலம் இருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் காதில் விழவில்லை.

டொக்டர் இளம் பெண்பிள்ளை, மகளின் வயதுதான் இருக்கும். ஒருமுறை தலை சுற்றியது என்றார் இவர். எத்தனை தரம் என்று அவ திரும்பக் கேட்டா. இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம், ஒன்றை நான் கண்ணால் கண்டேன் என்று சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். இவர் மறுக்கவில்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தா. செவ்வாய்க்கிழமை தலைச் சோதனை. வலிப்பா வேறு ஏதாவதா என்று அதற்குப் பிறகுதான் சொல்லலாமாம். அதுவரை சைக்கிள் ஓடக் கூடாது, தனியாகத் தோணியில் போகக் கூடாது, கிணற்றில் தனியாகக் குளிக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஓடலாமா என்று இவர் கேட்டார். சோதனை வரட்டும், பார்ப்போம் என்றா.

இறாலுக்கு என்ன செய்வது? ஆட்டோ எத்தனை நாளைக்கு? மகளுக்கு இன்றாவது சொல்ல வேண்டும். பள்ளிச் சட்டை நாளைக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கும் பொத்தான் வைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தார். துணிக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபம் இருக்கிறதா, ஆறிவிட்டதா, தெரியவில்லை. பாலத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். தலை சரிந்து என் தோளில் விழுந்தது. தூக்கமா, மற்றதா? மூச்சைப் பார்த்தேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலை மெல்ல அழுத்தினேன்.

“நித்திரைதான். இறங்கக்குள்ள எழுப்பு.”