மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

மாப்ள,

இன்று காலை காருக்கு நான்கு டயரும் மாற்றினேன். புது ரப்பர் வாசனை இன்னும் கையில் இருக்கிறது. கடைக்காரர் மீட்டர் கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு குனிந்தார். "அந்தப் பொட்ட மட்டும் தொட்டுராதீங்கண்ணே" என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பொட்டை ஒட்டியவன் நீ. அதற்கு முன்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

பழைய கார் வாங்கிய அன்றே மாற்றுச் சாவியை உன்னிடம் கொடுத்தேன். நீ இருபது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவன். என் மகளைக் கல்லூரி நேர்காணலுக்கு நீதான் கூட்டிப்போனாய். மறுவாரம் என் போனுக்குச் செய்தி வந்தது: அறுபதில் போக வேண்டிய ரோட்டில் அறுபத்தாறில் போனதாகக் கேமரா பிடித்திருக்கிறது.

நேராகக் காளவாசல் டீக்கடைக்கு வந்தேன். உன்னோடு வேன் ஓட்டுகிற அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

"முள்ளு அறுபதத் தாண்டலடா மாப்ள. புள்ள உக்காந்திருக்கையில நான் அப்பிடி ஓட்டுவனா?" என்றாய்.

"அப்ப கேமரா பொய் சொல்லுதா? சாவியக் குடு."

நீ சாவியை எடுத்து டீக் கிளாஸ் பக்கத்தில் வைத்தாய். பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிற ஒரு டிரைவரை, அவன் சக டிரைவர்கள் முன்னால், பொய்யன் என்றேன். எனக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "வண்டிய எடு. நீயே ஓட்டு, நான் தொட மாட்டேன்."

முதலில் அவனியாபுரம் பட்டறை. மெக்கானிக் மீட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்து, "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றார். இருந்தாலும் புதுசு போட்டார். அங்கிருந்து திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் ரோட்டுக்கு விட்டோம். நீ கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டாய். முள்ளை அறுபதிலேயே வைக்கச் சொன்னாய். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அறுபது நொடி ஆக வேண்டும். ஐம்பத்தைந்திலேயே கல் வந்துவிட்டது. திரும்பவும் பார்த்தோம், அதே ஐம்பத்தைந்து. பத்துக் கல் தாண்டியும் மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர்தான் ஏறியிருந்தது.

"முள்ளும் கொறையாக் காட்டுது, தூரமும் கொறையாக் காட்டுது. ரெண்டும் ஒரே அளவு. அப்ப மீட்டர்ல கோளாறு இல்ல" என்று இறங்கி, டயர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாய். பிறகு சிரிக்க ஆரம்பித்தாய்.

"ஏன்டா, குலசாமி கோயிலுக்குப் போகணும்னு எம்புட்டுப் பெரிய செருப்ப மாட்டி விட்டுருக்க!"

ஆமாம். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் வயல் பாதையில் காரின் அடி தரையில் தட்டி, குடும்பமே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. வண்டி உயரட்டும் என்று பெரிய ரிம், பெரிய டயர் போட்டவன் நான்தான். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கோ பழைய கணக்குத்தான் தெரியும். நீ சொன்னது நிஜம். கேமரா சொன்னதும் நிஜம்.

முன் கண்ணாடியில் என் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை உரித்து, மீட்டரில் ஐம்பத்தைந்தின் மேல் ஒட்டினாய். "இதத் தாண்டாத. இதுதான் நெச அறுபது."

அங்கேயே சாவியை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "வாங்குன எடத்துல வச்சுக் குடு மாப்ள."

சரி என்றேன். ஆனால் போகவில்லை. அத்தனை பேர் முன்னால் தலைகுனியக் கூச்சம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். நீயும் ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை. போன மாதம் ஒரு காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காளவாசலுக்குப் போனேன். "தப்பு அவன் மேல இல்ல, எம் மேல" என்று ஆரம்பித்தேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அது அப்பவே தெரியும்ணே. நீங்க அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டு, சாவியக் குடுத்துட்டீங்களாமே? உங்கள யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

பையிலிருந்து சாவியை எடுத்து டீக் கிளாஸ் பக்கத்தில் வைத்தேன். "குடுக்கல. நான் போகவே இல்ல" என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நீதான் சொல்லி வைத்திருந்தாயே.

இன்று போட்டது பழைய அளவு ரிம், பழைய அளவு டயர். முள் இனி சரியாகக் காட்டும். பொட்டுதான் இப்போது தப்பு. இருந்தும் நான் அதைத் தாண்டப்போவதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு வழிவிட்டுவிடுவேன்.

அன்று டீக்கடையிலிருந்து திரும்ப எடுத்து வந்த சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றிக்கொள்கிறேன். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை, மாப்ள.